நோலீனின் இரண்டாம் பரிசுக் கிரனோலா

எங்கள் ஊர் அறுவடைக் கண்காட்சியில் சமையல் பிரிவுக்குப் பதினாறு வருஷமாக நோலீன்தான் பொறுப்பாளர். கேக்கின் அடியில் கம்பித் தட்டின் தடம் இருந்தால் நடுவரிடம் போட்டுக்கொடுப்பாள். ஜாம் பாட்டில் மூடியில் பழைய லேபிளின் பிசின் ஒட்டியிருந்தால் நகத்தால் சுரண்டிக் காட்டுவாள். என் ஆரஞ்சு மார்மலேடை ஒரு தடவை இப்படித்தான் கவிழ்த்தாள். மறுநாளே என் வீட்டுக்கு வந்து அதே மார்மலேடை ரொட்டியில் தடவி நாலு துண்டு தின்றாள் என்பது வேறு விஷயம்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி உண்டு. ‘இது முழுக்க என் கையால் செய்தது’ என்று படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று வருஷம் முன்னால், வருஷாவருஷம் போட்டிக்கு வரும் ரோண்டாவின் மருமகள், மாமியாரின் ஜாமுக்கு ஆப்பிளை நறுக்கிக் கொடுத்தது தான்தான் என்று பெருமையாக வாயை விட்டுவிட்டாள். அவ்வளவுதான். ரோண்டாவின் ஜாடியை மேஜையிலிருந்து எடுத்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டாள் நோலீன். ரோண்டா சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

பொறுப்பாளரே போட்டியிலும் கலந்துகொள்ளலாமா என்று கேட்காதீர்கள். டாஸ்மேனியாவில் எங்கள் பள்ளத்தாக்கு மாதிரி இடத்தில் சமைக்க முன்வருகிறவர்களே முப்பது பேர்தான். அதில் பாதிப் பேர் ஏதாவது ஒரு குழுவில் இருப்பார்கள்.

நோலீனுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆசை. ஏப்ரலில், ஆப்பிள் பறித்து முடிகிற சமயத்தில் நடக்கும் கிரனோலா போட்டியில் முதல் பரிசு வாங்க வேண்டும். ஓட்ஸ், ஆப்பிள் வற்றல், பேரிக்காய் வற்றல், அக்ரூட், பட்டை, சுக்கு, சாதிக்காய், காட்டுத் தேன் எல்லாம் போட்டு, சூளை அடுப்பு முன்னால் காவல் நின்று கிளறிக் கிளறி வறுப்பாள். காலையில் கிண்ணத்தில் போட்டுத் தின்கிற மொறுமொறுப்பான பண்டம் அது. பதினோரு வருஷம் போட்டி போட்டாள். பதினோரு தடவையும் இரண்டாம் பரிசு. நடுவர் மிஸஸ் பர்பரி அட்டையில் ஒரே வரியைத்தான் எழுதுவார்: ‘மணம் அருமை. உதிரியாக இருக்கிறது.’

“அந்தம்மாவுக்குப் பொய்ப்பல்லு. எது உதிரி எது கெட்டின்னு அதுக்கு என்னடி தெரியும்?” என்பாள் நோலீன்.

இந்த வருஷம் போட்டிக்கு நாலு நாள் முன்னால், மரத்தடியில் உதிர்ந்து கிடந்த ஆப்பிளை மிதித்து வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்து, முழங்கைவரை மாவுக்கட்டு.

“இந்த வருஷம் விட்டுடேன்டி,” என்றேன்.

“விடுறதா? கெல்வின் எதுக்கு இருக்கான்? கை அவனுது, மூளை என்னுது.”

“அப்போ படிவத்துல என்ன போடுவ?”

“நீ வாயை மூடிக்கிட்டு டீயைக் குடி.”

கெல்வின் அவள் புருஷன். நானும் அவனும் ஒரே வகுப்பு, அதனால் எனக்கு அவன் இவன்தான். முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அந்த வீட்டு அடுப்பை எந்தப் பக்கம் திருகினால் எரியும் என்றுகூட அவனுக்குத் தெரியாது.

சனிக்கிழமை மத்தியானம் நோலீன் நாற்காலியில் உட்கார்ந்து ஆணை போட்டாள். கெல்வின் அளந்தான், கலந்தான், தட்டில் பரப்பி உள்ளே வைத்தான். “அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் கிளறணும். மறந்த, தொலைஞ்ச!” என்றவள், வலி மாத்திரை வேலை செய்ய, உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.

அந்த நேரம் பார்த்து ரேடியோவில் ஃபுட்பால் ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதி ஆரம்பித்தது. கெல்வின் கரண்டியைக் கீழே வைத்தான்.

“கிளறலையாப்பா?” என்று கேட்டேன்.

“ஷ்ஷ்! நாலே பாயிண்ட்தான் வித்தியாசம்.”

ஆட்டம் முடிந்துதான் எழுந்தான். ஆறியதும் தட்டிலிருந்து ஒரே பாளமாக வந்தது. கையால் உடைத்து உடைத்து ஜாடியில் போட்டான். சத்தத்தில் விழித்த நோலீன், “ஐயோ, கெடுத்துட்டியேடா பாவி!” என்று கத்தினாள். இன்னொரு தரம் செய்ய வற்றல் இல்லை. மறுநாள் காலை, இடது கையால் படிவத்தில் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

மத்தியானம் பார்த்தால் அவள் ஜாடியில் நீல ரிப்பன்! முதல் பரிசு. அட்டையில் மிஸஸ் பர்பரி எழுதியிருந்தார்: ‘அடேயப்பா! கிளறாமல் விடத் தெரிந்த கை.’

நோலீனுக்குத் தலைகால் புரியவில்லை. ஐந்து நிமிஷம் ராணி மாதிரி நின்றாள். அப்புறம் ரோண்டா வந்தாள். ரிப்பனைப் பார்த்தாள், மாவுக்கட்டைப் பார்த்தாள்.

“கை எப்படி இருக்கு கண்ணு? ரொம்ப வலிக்குதா?”

அவ்வளவுதான் கேட்டாள். எங்கள் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே எதுவும் சொல்ல மாட்டார்கள். டீ கொண்டுவந்து கொடுத்துக் கையைப் பற்றி விசாரித்தார்கள். பாதிரியார் விசாரித்தார். ஆட்டுக்குப் பரிசு வாங்கியவன்கூட வந்து விசாரித்தான். ஏழாவது ஆள் வந்தபோது நோலீன் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கே பாவமாக இருந்தது.

அரைமணி தாக்குப்பிடித்தாள். பிறகு இடது கையால் ரிப்பனைப் பிய்த்து நடுவரிடம் நீட்டினாள். “இது நான் செஞ்சதில்லைங்க. கெல்வின் செஞ்சான். என்னை நீக்கிடுங்க.”

மிஸஸ் பர்பரி நல்ல மனுஷி. “அதனால என்னம்மா, அவர் பேருக்கு மாத்திட்டாப் போச்சு.”

“ஒன்பது மணிக்கு மேல பேர் மாத்தக் கூடாதுங்க.”

அந்த விதியை எழுதியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நீல ரிப்பன் இரண்டாவதாக வந்த ரோண்டாவின் ஜாடிக்குப் போனது. அதை நோலீனே கட்டினாள். ஒரு கையால் முடிச்சு விழவில்லை. ரோண்டா விரலை வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது கெல்வின் வண்டி ஓட்டினான். நான் பின்சீட்டில். ஆற்றுப் பாலம்வரை பொய்ப்பல்லைத் திட்டிக்கொண்டு வந்தவள், சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள்.

“உண்மையைச் சொல்லு. என்னோடது உதிரியாவா இருந்துச்சு?”

“ஆமா.”

“எப்பலேர்ந்து?”

“எப்பவுமேதான். பாலை ஊத்தினாத்தான் வாய்ல நிக்கும்.”

“பதினோரு வருஷமா ஏன் ஒரு வார்த்தை சொல்லல?”

“நீ ‘நல்லா இருக்குல்ல’ன்னுதான கேப்ப? நல்லாத்தான் இருந்துச்சு. எப்படி இருக்குன்னு நீ கேட்டதே இல்லையே.”

வண்டி தேவாலய வளைவைத் தாண்டியது, மரம் அறுக்கும் பட்டறையைத் தாண்டியது. கடைசியில் நோலீன் மெதுவாகக் கேட்டாள்.

“வேற என்னெல்லாம் சொல்லாம வெச்சிருக்க?”

கெல்வின் வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்தான்.