உண்மையான டொக்டர்

என் உடம்பில் இருந்த ஒன்றுக்கும் உதவாத உறுப்பு, எனது எட்டாவது வயதில், பிறத்தியார் ஒருவரின் மூன்று வருடக் காத்திருப்பைக் கெடுத்தது. எழுபதுகளின் நடுப்பகுதி. குடல்வால் வீங்கிக் காரின் பின்சீட்டில் சுருண்டு கிடந்தேன். வழியில் வேறோர் ஆஸ்பத்திரி இருந்தும் அப்பா தூரத்துப் பரமட்டா ஆஸ்பத்திரிக்குத்தான் காரை விட்டார். எங்களுடைய ஆள் இருக்கிற இடத்துக்குப் போவதுதானே எங்கள் வழக்கம்.

எங்களுடைய ஆள் என்பது அங்கிள். அப்பாவின் சிநேகிதர். ஞாயிறு தோறும் எங்கள் வீட்டில் இடியப்பம் சாப்பிட்டு, பகிடி விட்டு, கதிரையிலேயே நித்திரையாகிவிடுவார். யாழ்ப்பாணத்தில் டொக்டராக எத்தனையோ வயிறுகளைத் திறந்தவர். இந்த வெள்ளைக்கார நாட்டில் பெரிய டொக்டர் வெட்டும்போது காயத்தை விரித்துப் பிடிப்பதோடு சரி. அன்று பெரிய டொக்டர் கோல்ஃப் விளையாடப் போயிருந்தார். தனியாகச் செய்யும்படி தொலைபேசியில் சொல்லிவிட்டார். அங்கிள் இந்த நாட்டுக்கு வந்த மூன்று வருடத்தில் அதுதான் முதல் தடவை.

"ஒண்டுக்கும் பயப்பிடாதை குஞ்சு. நான்தான் செய்யப்போறன்."

அதுவரை வலி மட்டும்தான் இருந்தது. இப்போது பயமும் வந்தது. மீன்குழம்பு பிசைகிற அந்தக் கை என் வயிற்றுக்குள்ளா? தொலைக்காட்சியில் நான் கண்ட டொக்டர் எவருக்கும் எங்கள் நிறம் கிடையாது. பதினெட்டு மாதம் பள்ளிக்கூடத்தில் சேர்த்த ஆங்கிலம் முழுவதையும் திரட்டி, எனக்கு உண்மையான டொக்டர் வேண்டும் என்று வார்டு அதிரக் கத்தினேன்.

நேர்ஸ் அப்பாவைப் பார்த்தார். அம்மா அப்பாவின் கையைப் பிடித்து உலுக்கினார்.

"இவரே செய்யட்டும் எண்டு சொல்லுங்கோவன்!"

எனக்குக் காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தது. அப்பா தன் காலில் கிடந்த சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நேர்ஸ் பெரிய டொக்டரைக் கூப்பிடத் தொலைபேசியை எடுத்தார்.

பெரிய டொக்டர் வந்தார், வெட்டினார், போனார்.

மறுநாள் அங்கிள் ஐஸ்கிரீமுடன் வந்தார். அப்பா அவசரமாக எழுந்து கதிரையைக் கொடுத்தார். அவர் உட்காரவில்லை. போர்வையை விலக்கித் தையலை நெடுநேரம் பார்த்தார்.

"நல்ல வடிவாத் தைச்சிருக்கிறார்."

"நீங்கள் தைச்சாலும் இப்பிடி வருமோ, அங்கிள்?" மெய்யாகவே அறிய ஆசைப்பட்டுத்தான் கேட்டேன்.

"ஆருக்குத் தெரியும் குஞ்சு? இந்த நாட்டில நான் தைச்சதை இன்னும் ஒருத்தரும் பாக்கேல்லை."

வழக்கம்போலப் பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். தையலைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தேன். அப்பாவும் அம்மாவும் ஏன் கூடச் சிரிக்கவில்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.