எறும்பு தின்னும் செடிக்குப் பால் வார்த்த வீடு

கலர் டீவி வந்த வருடம் இது. அதை வாங்குவதா வேண்டாமா என்று மெல்பர்னின் புறநகரான டண்டினொங்கில் வீட்டுக்கு வீடு தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, நான் மூன்று தொட்டிச் செடிகளுக்காகப் பேராசிரியரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன். தாவரவியலில் ஆனர்ஸ். ஒரே வருடம், ஒரே ஆய்வு. சொதப்பினால் போச்சு.

"பட்டாணியை எடுத்துக்கொள். மெல்பர்ன் குளிரில் சொன்னபடி வளரும்" என்றார் அவர்.

பட்டாணியாம்! பள்ளிக்கூடப் பிள்ளைகளே அதைப் பார்த்துக் கொட்டாவி விடுகிறார்கள். எனக்கு வேண்டியது குடுவைச் செடி. அதற்குள் விழுகிற எறும்பால் செடிக்கு உண்மையிலேயே லாபமா, அல்லது எறும்பு சும்மா செத்துப்போகிறதா? என் கேள்வி அவ்வளவுதான். வேறு எதையும் தொடுவதாக எனக்கு உத்தேசம் இல்லை.

குடுவைச் செடிகளில் நான் கேட்ட இனம் நாட்டின் மறுகோடியில், மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்கரையில் மட்டும்தான் இயற்கையாக வளர்கிறது. ஜனவரியில் வகுப்போடு வேனில் போனோம். மரமே இல்லாத சமவெளியை நாள்கணக்கில் கடந்து, முதுகு ஒடிந்து, கடல் தெரிகிற ஒரு சரிவில் இறங்கினோம். கோரைப்புல்லை விலக்கிப் பார்த்தால் எல்லாம் தரையோடு தரையாக இருக்கிறது. கட்டைவிரல் அளவுக் குடுவைகள், வெயில் பட்டவை ரத்தச் சிவப்பு. நான் ஜீன்ஸோடு சேற்றில் குப்புறப் படுத்துவிட்டேன்.

என்ன வேலைப்பாடு! குடுவையின் வெளிப்பக்கத்தில் மயிர் முளைத்த மூன்று வரம்புகள், எறும்புக்கு ஏணி போல. விளிம்பில் உள்நோக்கி வளைந்த பற்கள். மேலே மூடி, அதில் வெளிச்சம் புகும் வெள்ளைத் திட்டுகள். உள்ளே போன பூச்சி அதை வானம் என்று நம்பி முட்டும், வழுக்கும், தண்ணீரில் விழும். ஆனால் அதே தண்ணீரில் ஒரு சின்னப் புழு, செரிக்காமல் ஜாலியாக நெளிந்துகொண்டிருந்தது. சாப்பாட்டு மேசையிலேயே குடித்தனம்!

அடியில் கறுப்பு மணல். சரிவு முழுக்க நீர் கசிந்து ஓடிக்கொண்டே இருக்கிறது. மண்ணில் சத்து என்று ஏதாவது இருந்தாலும் கழுவிக்கொண்டு போய்விடும். பக்கத்துச் சரிவு போன கோடையில் எரிந்திருந்தது. அங்கேயும் கரிக்கு நடுவே செடி மறுபடி முளைத்திருந்தது. உயிர் தரைக்குக் கீழே, தடித்த தண்டில் இருக்கிறது.

அனுமதியோடு மூன்று செடிகளைக் கொண்டுவந்தேன். பல்கலைக்கழகக் கண்ணாடி வீடு ஆர்க்கிட்டுகளுக்காகக் கொதித்துக்கொண்டிருந்தது. அங்கே வைத்தால் அவிந்துவிடும். அதனால் நான் தங்கியிருந்த வீட்டுக்கே எடுத்துப் போனேன். அன்ரியும் அங்கிளும் யாழ்ப்பாணத்துக்காரர்கள், என் பெற்றோருக்கு வேண்டியவர்கள். அங்கிள் தொழிற்சாலை ஒன்றில் எஞ்சினியர். சுத்த சைவ வீடு.

"இதென்ன, பூவுமில்லை, மணமுமில்லை?" என்றார் அன்ரி.

"எறும்பு சாப்பிடும், அன்ரி."

அன்ரி பின்வாங்கினார். "சைவ வீட்டுக்குள்ளயோ?"

அங்கிள் பேப்பரை இறக்காமலே சொன்னார்: "முட்டைகூட ஏறாத வீட்டுக்கு மச்சம் மாமிசம் தின்னுற ஆள் வந்திட்டார். இனி என்ர பாடும் நல்லாயிருக்கும்."

"நீங்கள் வாயை மூடுங்கோ."

வீட்டுக்குள் வேண்டாம், பின்பக்க வாசலில் இருக்கட்டும் என்று முடிந்தது. ஒரு தொட்டிக்கு எறும்பு போடுவது, ஒன்றைப் பட்டினி போடுவது, மூன்றாவதை அதன் பாட்டில் விடுவது என்பது என் திட்டம்.

ஏப்ரலில் மூன்றும் ஒன்றாகச் சரிந்தன. குடுவைகள் கறுத்தன, மண்ணில் வெள்ளையாகப் பூஞ்சணம், பக்கத்தில் குனிந்தால் கழுவாத தயிர்ச்சட்டி வாசம். எனக்குத் தலைகால் புரியவில்லை. மழைத் தண்ணீர்தான் விடுகிறேன், வெயிலும் சரி. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, மறந்துபோன பையை எடுக்க ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்தேன். பின்வாசலில் அன்ரி குந்தியிருந்தார். தோய்ந்த தலை, நெற்றியில் திருநீறு, ஒரு கையில் டம்ளர், மறு கையில் தேக்கரண்டி. ஒவ்வொரு குடுவை வாயிலும் பால் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அன்ரி! என்ன செய்யிறீங்கள்?"

"சும்மா கத்தாதையும். இண்டைக்கு வெள்ளிக்கிழமை. பால் குடிச்சு வயிறு நிறைஞ்சா எறும்பைத் தேடாது எண்டு நினைச்சன்."

"எவ்வளவு நாளா?"

"நீர் கொண்டுவந்த கிழமை தொடக்கம். தண்ணி கலந்துதான் விடுறனான், பிள்ளை. சின்ன வயிறு, தாங்காதெல்லே."

கத்தவும் முடியவில்லை, சிரிப்பும் வந்து தொலைத்தது. படியில் உட்கார்ந்து விளக்கினேன். "அன்ரி, அதுக்குச் சோறு வெயில்தான். அது இருக்கிற மண்ணில உப்புச்சப்பே இல்லை. அந்த உப்புக்குத்தான் எறும்பைப் பிடிக்குது. பால் விட்டா வேர் அழுகிப்போகும்."

"அப்ப எறும்பு பாவமில்லையோ?"

"காட்டில நடக்கிறதுதானே."

"காட்டில நடந்தா காட்டின்ர பாவம். என்ர வாசலில நடந்தா?"

பையை எடுத்துக்கொண்டு மறுபடி ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

பேராசிரியரிடம் பாலைப் பற்றிச் சொன்னேன். மனிதர் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு முகம் மாறியது. "இப்போதே பட்டாணிக்கு மாறினால் தப்பிப்பாய். ஆகஸ்ட் கடைசிக்குள் உயிருள்ள குடுவையைக் காட்டாவிட்டால் நான் பொறுப்பில்லை."

மாறமாட்டேன் என்றேன்.

எரிந்த சரிவைப் பார்த்தவளுக்கு மேலே கறுத்ததைப் பற்றி என்ன கவலை? அழுகியதையெல்லாம் வெட்டி எறிந்தேன். நிலத்தடித் தண்டுகளை மழைத் தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவினேன். புது மணலையும் அலசி நிரப்பினேன். தேங்கிய நீர் ஆகாது, ஓட வேண்டும் என்று அங்கிளிடம் சொன்னதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. கூரைத் தண்ணீரை ஒரு பீப்பாயில் பிடித்து, மெல்லிய ரப்பர் குழாய் வைத்து, சொட்டுச் சொட்டாக விழுந்து அடியால் வழிகிற மாதிரி பூட்டித் தந்தார்.

அன்ரியோடுதான் பேரம். கடைசியில் நான் ஒரு படி இறங்கினேன். என் கையால் எறும்பு போடமாட்டேன். ஒரு தொட்டிக்கு வலை கட்டுவேன், மற்றவற்றைத் திறந்து விடுவேன். வருவது வரட்டும், நான் பார்த்து எழுதுவேன்.

"அப்ப வலை போட்டது சைவம்" என்றார் அன்ரி. "அது எங்கட ஆள். மற்றதுகளுக்கு நீர் பொறுப்பு."

"ஓம், நான் பொறுப்பு."

திறந்த தொட்டிகளில் ஒன்று செத்தது. மற்ற இரண்டிலும், இங்கே குளிர் முடிகிற ஆகஸ்டில், பச்சை எட்டிப் பார்த்தது. ஆகஸ்ட் கடைசியில் ஒரு தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் போனேன். எதிரே இருந்த கிழவி அது என்ன கீரை என்று கேட்டாள். பேராசிரியர் லென்ஸை வைத்துப் பார்த்தார்.

"இலை. தட்டை இலை. குடுவை எங்கே?"

"இந்தச் செடி குளிரில் இலைதான் விடும், குடுவை பிறகு வரும். காட்டிலும் அப்படித்தான்."

"பிறகு என்றால் எப்போது? உனக்குக் காலம் இல்லை."

"தோற்றால் நான்தானே தோற்கிறேன்?"

அவர் தொட்டியை என் பக்கம் தள்ளிவிட்டார். அதை அனுமதி என்றே எடுத்துக்கொண்டேன்.

அக்டோபரில் ஒரு மத்தியானம், எனக்குப் போன் என்று துறை அலுவலகத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார். அன்ரி. பல்கலைக்கழகத்துக்கு அவர் போன் செய்ததே அதுதான் முதல் தடவை.

"பிள்ளை, வாய் திறந்திட்டுது."

"எந்தத் தொட்டி?"

"உம்மட ஆள். எறும்பொண்டு விளிம்பில ஏறி நிக்குது. என்னால பாக்கேலாது, நான் உள்ளுக்குப் போறன். நீர் கெதியா வாரும்."

பையைக்கூட எடுக்காமல் ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

மிஞ்சிய காலத்தில் பார்த்ததை மட்டும் எழுதிக் கொடுத்தேன். ஆய்வேடு மெலிசு, முதல் வகுப்பு கிடைக்கவில்லை. எறும்பால் லாபமா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு வருடம் போதாது என்பதுதான் அதன் கடைசிப் பக்கம். வருகிற மார்ச்சில் அதே கேள்வியோடு பேராசிரியரின் அறைக் கதவைத் தட்டப்போகிறேன். சும்மா போகப்போவதில்லை. செடியைப் பிரித்து நட்டுத் தொட்டிகளைப் பெருக்கிக்கொண்டிருக்கிறேன்.