சிவப்பு வட்டம் போட்ட மறுப்புச் செய்தி

செய்தியாளர்களுக்குப் பாடம் எடுப்பது சமையல்காரருக்கு விருந்து வைப்பது போன்ற தொழில். சாப்பிடுவார்கள், ஆனால் முதல் வாயிலேயே உப்பு சரியில்லை என்று சொல்லிவிடுவார்கள். இருபது வருடம் ஒரு நாளிதழில் உட்கார்ந்து அடுத்தவர் எழுதியதைத் திருத்திக்கொண்டிருந்தேன். இப்போது ‘டிஜிட்டல் தொழில்நுட்பமும் மனித உரிமையும்’ என்று நிருபர்களுக்கு வகுப்பெடுக்கிறேன். என்னைப் போலவே புரொஜக்டரையும் ஒயரையும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலையும் சக பாவிகளே, திருவண்ணாமலையில் நான் நடத்திய மூன்று நாள் வகுப்பின் கதை உங்களுக்குத்தான். மற்றவர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

போண்டாவும் ஆதாரும்

வேங்கிக்காலில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் வகுப்பு. முதல் நாள் பாடம், தனிநபர் தகவலைப் பாதுகாப்பது எப்படி. ஒருங்கிணைப்பாளர் தணிகாசலம் வாசலிலேயே மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். வந்த பதினெட்டு நிருபர்களிடமும் ஆதார் நகல், புகைப்படம், செல் நம்பர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டுதான் உள்ளே விட்டார். எதற்கு என்று கேட்டேன். ஃபைலுக்கு என்றார். ஃபைல் என்ற சொல்லுக்கு நம் நாட்டில் யார்தான் மறுபேச்சு பேசியிருக்கிறார்கள்? நானும் ஒரு நகலைக் கொடுத்துவிட்டு, தகவலைப் பாதுகாக்கச் சொல்லிக்கொடுக்க உள்ளே போனேன்.

பதினோரு மணிக்கு டீயும் போண்டாவும் வந்தன. போண்டாவைக் காகிதத்தில் வைத்துக் கொடுத்தார்கள். எண்ணெய் ஊறிய இடத்தில் ஒரு முகம் தெரிந்தது. போன மாதம் இதே மண்டபத்தில் தையல் பயிற்சிக்கு வந்த யாரோ ஓர் அம்மாளின் ஆதார் நகல், எண்கள் ஒன்றுகூட அழியாமல். தணிகாசலத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: “பின்பக்கம் காலியாத்தான மேடம் கீது, எதுக்கு வீணாக்கணும்?”

எங்கள் ஊரில் இல்லை

முன்வரிசையில் ஏழுமலை. ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். அது போக நான்கு வாட்ஸ்அப் செய்திக் குழுக்களை நடத்துகிறார். ஊரில் பாதிப்பேர் அதில் ஏதாவது ஒன்றில் இருக்கிறார்கள். அவருடைய பைக்கில் நம்பரைவிட ‘பிரஸ்’ என்ற எழுத்து பெரிதாக இருக்கும். கெட்ட மனிதர் இல்லை. யாருக்காவது அவசரமாக ரத்தம் வேண்டுமென்றால் அந்த நான்கு குழுக்களும்தான் கைகொடுக்கின்றன. ஆனால் எதையும் படித்துப் பார்த்துவிட்டு அனுப்பும் கெட்ட பழக்கம் அவரிடம் கிடையாது.

செல்போனால், கேமராவால், ஏதாவது ஒரு செயலியால் உரிமை பறிபோன ஒருவரை உங்கள் ஊரிலேயே கண்டுபிடித்து எழுத வேண்டும் என்று வீட்டுப்பாடம் கொடுத்தேன். மனித உரிமை என்பது டெல்லியில் மட்டும் கிடைக்கிற சரக்கு என்பது போல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஏழுமலை எழுந்து எனக்கு ஆறுதல் சொன்னார்: “நம்ப ஊர்ல அப்படி யாரும் இல்லீங்க மேடம். இருந்திருந்தா நான்தான மொதல்ல போட்ருப்பேன்.”

முந்தானைக்குள் ஒரு முகம்

மறுநாள் ஏழுமலையையும் இன்னும் இரண்டு பேரையும் அடி அண்ணாமலைக்கு அழைத்துப்போனேன். டீக்கடையில் விசாரித்ததும் பக்கத்து வீட்டைக் கைகாட்டினார்கள். அங்கே செல்வி என்ற பெண், பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் கொய்யாக்காயும் மோரும் விற்பவர். மற்ற நாட்களில் களையெடுக்கப் போவார். பைக்கைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பேசவைக்க அரைமணி நேரம் ஆனது.

நடந்தது இதுதான். போன பௌர்ணமியன்று செல்வியின் கடையில் மோர் குடித்த ஓர் அம்மாளுக்குக் கழுத்துச் சங்கிலியைக் காணோம். எதிர்க்கடை கேமராவில் அவர் பக்கத்தில் செல்வி நிற்பது பதிவாகியிருந்தது. தன் கடையில் தான் நிற்காமல் வேறு யார் நிற்பார்கள்? அந்தப் படத்தை யாரோ வெட்டியெடுத்து, சந்தேகப்படும்படி நிற்கும் சங்கிலித் திருடி, உஷார் என்று பரப்பிவிட்டார்கள். அன்று மாலையே அந்த அம்மாள் தங்கியிருந்த லாட்ஜ் அறையில் ஈரத் துண்டுக்குள் சங்கிலி கிடைத்துவிட்டது. அதை யாரும் பரப்பவில்லை. கிடைத்த சங்கிலிக்கு என்ன சுவாரசியம் இருக்கிறது? களையெடுக்கக் கூப்பிடுவது நின்றது. கடை போட வாசலில் இடம் கொடுத்த வீட்டுக்காரர், பேர் சுத்தமானால்தான் அடுத்த பௌர்ணமிக்கு இடம் என்று சொல்லிவிட்டார். பௌர்ணமிக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது.

செல்வி போனை நீட்டினார். படத்துக்குக் கீழே அனுப்பியவர் பெயரைப் படித்தேன். ஏழுமலையும் எட்டிப் பார்த்துப் படித்தார். முகம் வெளுத்துவிட்டது; அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் நிருபர் தொழில் அவரைக் கைவிடவில்லை: “நான் ‘சந்தேகப்படும்படி’ன்னுதான மேடம் போட்டேன்?”

பிராயச்சித்தம்

மண்டபத்துக்குத் திரும்பியதும், பௌர்ணமிக்குள் மறுப்புப் போட்டே தீருவேன் என்றார் ஏழுமலை. எனக்கும் ஒரே சந்தோஷம். நம் வகுப்பால் ஒரு மனிதர் திருந்துவதைக் கண்ணால் பார்க்கிற பாக்கியம் நம்மில் எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கிறது? பலகையில் மூன்று வரி எழுதினேன். படம் கூடாது. பெயர் கூடாது. முகவரி கூடாது. சங்கிலி கிடைத்துவிட்டது, முதலில் போட்டது தவறு, அந்தப் படத்தை அழித்துவிடுங்கள் என்பது போதும். ஏழுமலை அதைப் பலகையோடு போட்டோ எடுத்துக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் நான்கு குழுக்களிலும் மறுப்பு வந்துவிட்டது. இடது பக்கம் பழைய கேமரா படம். வலது பக்கம், முந்தின நாள் சாயங்காலமே தனியாகத் திரும்பிப் போய்ச் செல்வியோடு ஏழுமலை எடுத்துக்கொண்ட புதுப் படம், நல்ல வெளிச்சத்தில். இரண்டிலும் செல்வியின் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். முதல் படத்தில் மங்கலாக இருந்த முகம் இப்போது பளிச்சென்று தெரிந்தது. கீழே பெயர், ஊர், கடை போடும் இடம், வாழ்த்துச் சொல்ல வசதியாகச் செல் நம்பர். தலைப்பு: இவர் திருடி அல்ல. நான் போனில் கத்தினேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. ஏழுமலைக்கு நிஜமாகவே மனசு நொந்துவிட்டது: “மூஞ்சே தெரியலன்னா, யாரு திருடி இல்லன்னு ஜனங்களுக்கு எப்படிங்க மேடம் தெரியும்?”

பௌர்ணமி

வீட்டுக்காரர் குழுவில் வந்ததைப் படித்துவிட்டு, சொன்னபடி இடம் கொடுத்துவிட்டார். வகுப்பு முடிந்தும் பௌர்ணமிவரை ஊரிலேயே தங்கிவிட்ட நான் அன்று சாயங்காலம் போனபோது செல்வி கடை போட்டிருந்தார். கூட்டமும் இருந்தது. நின்று பார்க்கிறார்கள், போனை எடுத்து ஒப்பிடுகிறார்கள், இவங்கதான் என்று கூட வந்தவருக்குக் காட்டுகிறார்கள். ஒருவர் செல்ஃபிக்குக் கேட்டார். ஏழுமலை ஓரமாக நின்று, வருகிறவர்களிடமெல்லாம் இவங்க நல்லவங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் கேட்கவில்லை என்பதால் உரக்கவே சொன்னார்.

நான் செல்வியிடம் மன்னிப்புக் கேட்டேன். பாடம் எடுத்தவள் நான். அவரைத் தேடிப்போய் அவர் வீட்டு வாசலில் ஏழுமலையைக் கொண்டு நிறுத்தியவளும் நான். அவர் கொய்யாக்காயை நறுக்கி, மிளகாய்த்தூள் தூவி என்னிடம் நீட்டினார். கோபமாகக்கூடப் பேசவில்லை: “முன்னாடி கொஞ்சம் பேருக்குத்தாங்க நான் திருடின்னு தெரியும். இப்ப ஊருக்கே நான் திருடி இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. வாங்குறாங்க, சும்மா சொல்லக்கூடாது. ஒரு கையால வாங்குறாங்க, இன்னொரு கையால கழுத்துச் சங்கிலியப் புடிச்சிக்குறாங்க.”

பயிற்சியின் முடிவறிக்கையில் ‘பயனடைந்தோர்’ என்ற கட்டத்தில் பதினெட்டு நிருபர்கள் என்று எழுதிவிட்டேன். செல்வியை எழுதுவதற்கு அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை.