கடல்பாசி தின்ற கிடா

நெய்யாற்றங்கரைத் தாலுகாவைத் தமிழகத்தோடு சேர்க்கணும்னு எல்லைப் போராட்டம் நடந்த வருஷங்கள். குன்னத்துகால் பக்கம் எங்க வீடு. நான் அப்போ தலைப்பிள்ளைக்கு முழுகாமல் இருந்தேன்.

ஒரு செம்மறிக் கிடாக்குட்டி வளர்த்தேன். நல்லா கொழுத்துதே தவிர, பெட்டையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கும். பூவாரிலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா, "கடல்பாசியை வெயிலில் உணக்கிக் கொடு மக்கா, பிறகு பாரு"ன்னாள். என் வீட்டுக்காரர் அதை வேதவாக்காக எடுத்துக்கிட்டார். பாசியை மடியில் கட்டிக்கிட்டு, போகிற இடமெல்லாம் பிடிபிடியாகக் கொடுப்பார். கிடாவுக்கு வேறொரு விருத்தியும் உண்டாகலை. இவர் பின்னால் அலையும் பழக்கம்தான் வந்தது. போராட்டக் கூட்டத்துக்கும் கூடவே போகும். ஊரே சிரிச்சுது. எனக்கு மானம் போச்சு.

ஒரு நாள் ஊர்வலத்தில் போலீஸ் தடியடி. சிக்கினவங்களை அடிச்சு வேனில் ஏத்தினாங்க. இவர் ஓடிவந்து பக்கத்து வீட்டு ஆட்டுத்தொழுவத்தில் ஓலைக் குவியலுக்குள் ஒளிஞ்சுக்கிட்டார். அந்த வீட்டு அண்ணனோ, தாலுகா மலையாளத்தோடயே இருக்கட்டும்ங்கிற கட்சி. மாசக்கணக்கா எங்களோடு பேச்சே கிடையாது.

பின்னாலேயே வந்தது பாழாப்போன கிடா! ஓலையைப் பார்த்து நின்னு கத்துது. அதுக்குப் பின்னால் ஒரு போலீஸ்காரர். "உள்ளே ஆரெடா?" நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன்.

அண்ணன் வெளியே வந்தார். இவர் ஒளிஞ்சதை அவர் பார்த்திருந்தார். ஒரு வார்த்தை போதும், தீர்ந்தது கதை.

"ஆருமில்ல ஏமானே. என் பெட்டைக்கு விட கொண்டுவந்த கிடாவாக்கும்"ன்னார், கூசாமல்.

போலீஸ்காரர் கிடாவையே பார்த்தார். அது ஓலையையே பார்த்துது. கர்த்தாவே, இன்னைக்காவது இதுக்குப் புத்தி குடுன்னு ஜெபம் பண்ணினேன். கர்ப்பிணி செய்யற ஜெபமா அது! கிடா மெல்ல ஒரு பெட்டையை மோந்து பார்த்துது, மேலுதட்டைத் தூக்கிச்சு, முன்னங்காலைத் தூக்கிப்போட்டு வேலையில் இறங்கிட்டுது. போலீஸ்காரர் தொப்பியைச் சரிபண்ணிக்கிட்டு, "செரி செரி, நடக்கட்டே"ன்னு வெட்கத்தோடு திரும்பிப் போனார்.

இவர் ஓலையை உதறிக்கிட்டு எழும்பினார். நன்றி சொல்லணுமே! "பார்த்தியா, பாசி!"ன்னார்.

அண்ணன் சிரிக்கலை. "எலே, நான் உன் கட்சி இல்ல, நாளைக்கும் இல்ல. உள்ளே வந்து கஞ்சி குடிச்சிட்டுப் போ."

கிடா தேறியது பாசியாலா, பருவத்தாலா, இன்னும் எனக்குத் தெரியாது. ஆனா எதிர்க்கட்சிக்காரனை யாராவது ஏசினால், என் பிள்ளைக்கு அப்பன் வேணும்னு அந்த மனுஷன் வாய்கூசாமல் சொன்ன பொய்யை நினைச்சு இப்பவும் எனக்குக் கண் கலங்கிடும்.