தலையணை வயிறு

பெர்னடெட் நாஷிடம் ஷோல் கோவ் ஊரில் யாரும் எதையும் மறைக்க முடியாது. நியூஃபவுண்ட்லாந்தின் அந்தக் கடற்கரையில் இருபத்தாறு வருஷமாக அவள்தான் நர்ஸ். யாருக்கு எந்த முழங்கால் மடங்காது, யாருக்கு எங்கே தழும்பு என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அதனாலேயே கிறிஸ்துமஸ் முடிந்து பன்னிரண்டு நாளும், வேஷம் கட்டி வீடு வீடாகப் போகும் மம்மர்கள் அவள் வீட்டுக்கு வரிந்துகட்டிக்கொண்டு வருவார்கள். ஆண்கள் பெண் உடுப்பில், பெண்கள் மீன்பிடி உடுப்பில், முகத்தில் லேஸ் திரை. குரல் தெரியாமலிருக்க மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே பேசுவார்கள். வீட்டுக்காரர் தொட்டுப் பார்க்கலாம், குத்திப் பார்க்கலாம். யாரென்று சொல்லிவிட்டால் திரையைத் தூக்க வேண்டும். சொல்ல முடியாவிட்டால் வீட்டுக்காரர் வாய்விட்டு "தோத்தேன்" என்று சொல்ல வேண்டும். பெர்னி அந்த வார்த்தையை ஜென்மத்தில் சொன்னதில்லை. அந்தத் திமிரும் அவளுக்குக் கொஞ்சநஞ்சமில்லை.

அவளிடம் அதிகம் மாட்டியவன் கஸ் கரீன். அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன், கொக்கு மாதிரி நெட்டையும் ஒல்லியும். முப்பது வருஷமாக என்ன வேஷம் கட்டினாலும் வாசற்படியிலேயே, "வா கஸ்ஸு, குனிஞ்சு வா, தலை இடிக்கும்" என்பாள். அந்த வருஷம் அவன் ஊரில் இல்லை. ஈரல் வைத்தியத்துக்காக மூன்று மாதமாக நகரத்தில் மகள் வீட்டில் இருந்தான். பாவம், ஒரு சொட்டுக் குடித்தவனில்லை. ரத்தத்தில் இரும்பு சேர்கிற பரம்பரைக் கோளாறு ஈரலைச் சுருக்கிவிட்டது.

புத்தாண்டுக்கு மறுநாள் சாயங்காலம் மூன்று மம்மர்கள் வந்தார்கள். வாயைப் படக் படக்கென்று அடித்த மரக்குதிரைத் தலையை மாட்டி வந்தவனைப் பார்த்ததும், "நெட் ஃபோலி!" என்றாள். ரப்பர் கோட்டுக்காரி நெட்டின் மனைவி வின்னி. மூன்றாவது, பூப்போட்ட இரவு கவுனில் கூனிக்குறுகி நின்ற குண்டு மணப்பெண்.

"அடி ஆத்தி! கல்யாணத்துக்கு முன்னாடியே மாசமா?" என்றாள் பெர்னி. குதிரை கனைத்தது. "எத்தனை தலையணை வச்சிருக்க? ஒண்ணா ரெண்டா?"

"நீயே எண்ணிக்கோ," என்றது மணப்பெண், மூச்சை இழுத்தபடி.

பெர்னி அந்த வயிற்றில் கை வைத்தாள். கவுனைத் தாண்டிச் சூடு அடித்தது. தலையணைக்கு எங்கேயாவது காய்ச்சல் வருமா? மெல்ல அழுத்திச் சட்டென்று விரலை எடுத்தாள்.

"ஐயோ மாதாவே!"

இந்தத் தடவை மூச்சு வெளியே வந்தது, சொந்தக் குரலோடு. கட்டைவிரலில் தூண்டில் முள் ஏறி வந்தபோதும் கஸ் இப்படித்தான் அலறினான். ஊருக்குத் தெரியாமல் திரும்பியிருக்கிறான். பஞ்சு என்று நினைத்தது வயிற்றில் கட்டிய நீர்.

ஈரல் கெட்டவர்களின் வயிற்று நீரில் கிருமி தானாகவே புகுந்துவிடும். காய்ச்சலும் இந்த வலியும் அதற்குத்தான். மருந்து ஏறத் தாமதித்தால் சிறுநீரகம் போகும், பிறகு ஆளே போய்விடுவான்.

"வண்டியில ஏறு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"முதல்ல நான் யாருன்னு சொல்லு. இல்லேன்னா தோத்தேன்னு சொல்லு."

பெயர் அவள் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் என்ன நடக்கும் என்றும் தெரியும். திரையைத் தூக்கிப்போட்டு, "லேசான சூடுதான், ஒரு டீ குடிச்சா சரியாயிடும்" என்று வீட்டுக்கு நடையைக் கட்டுவான். மூன்று மாதம் ஆஸ்பத்திரிக்கு அலைந்து சலித்தவனை நான்கு குதிரை கட்டினாலும் இழுக்க முடியாது.

"தோத்தேன்னு சொன்னா, மறுபேச்சு பேசாம வண்டியில ஏறுவியா?"

"சத்தியமா!"

"தோத்தேன்," என்றாள் பெர்னி.

"சத்தமா!"

"தோத்தேன், தோத்தேன், தோத்தேன்! போதுமா?"

கஸ் திரையைத் தூக்கினான். கண் மஞ்சள், நெற்றியெல்லாம் வியர்வை, முகத்தில் மட்டும் ஆயிரம் விளக்கு. "பெர்னி தோத்துட்டா! டேய் நெட், நீதான் சாட்சி!" வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று ஆடியே விட்டான். "மோனிகிட்டகூட காய்ச்சலைச் சொல்லலையே நான்! சொன்னா வெளிய விட்டிருப்பாளா என் பொண்டாட்டி?"

"மவனே, ஆடினது போதும், ஏறு."

பனியில் ஒன்றரை மணி நேரம். உடை மாற்ற யாருக்கு நேரம்? அவசரப் பிரிவு வாசலில் மரக்குதிரை, ரப்பர் கோட்டு, மணப்பெண் மூவரையும் பார்த்து டாக்டரம்மா திகைத்தாள்.

"இதுல யாரு பேஷண்ட்?"

"பொண்ணுதான்!" என்றான் கஸ்.

ஊசி போட்டு எடுத்த நீர் கலங்கலாக இருந்தது. கிருமிதான். "நாளைக்கு வந்திருந்தா கஷ்டம்," என்று டாக்டரம்மா பெர்னியின் காதில் சொன்னாள். அன்றே மருந்து ஏறத் தொடங்கியது. ஐந்து நாள் ஏறியது. உப்பு சேர்ந்தால் வயிற்றில் நீர் கட்டும் என்று தெரிந்தும், மகள் வீட்டில் கிறிஸ்துமஸ் அன்று உப்பு மாட்டிறைச்சியை ஒரு தட்டுக்கு இரண்டு தட்டாக வெட்டியதையும் ஒப்புக்கொண்டான், கட்டிலைச் சுற்றி வசவு மழை.

அங்கிருந்தே ஊர் முழுக்கப் போன் போட்டுத் தன் வெற்றியைச் சொல்லித் தீர்த்தான். கடையில் பெர்னி ரொட்டி வாங்கப் போனால், "என்ன பெர்னி, கண்ணாடி மாத்தணுமோ?" என்பார்கள். அவளுக்கு வாய் நமநமக்கும். "ஆமா, வயசாகுதில்ல," என்று சொல்லிவிட்டு வருவாள். ராணி மாதிரி இருந்தவளுக்கு அது வேப்பங்காய்தான்.

அந்த வருஷம் முழுக்க கஸ் உப்பைத் தொடவில்லை, மாத்திரையைத் தப்பவிடவில்லை.

அடுத்த கிறிஸ்துமஸ். அதே குதிரை, அதே ரப்பர் கோட்டு, அதே பூப்போட்ட கவுன். கவுனுக்குள் அதே பெரிய வயிறு.

பெர்னிக்குக் கேலி வரவில்லை. நேரே போய்க் கை வைத்தாள். மெல்ல அழுத்தினாள். சட்டென்று எடுத்தாள். சத்தமில்லை. சூடுமில்லை. இன்னொரு முறை அழுத்தினாள். கவுனின் கீழே தலையணை உறையின் ஓரம் எட்டிப் பார்த்தது.

"பஞ்சு!" என்று கத்தினாள். "மாதாவே, வெறும் பஞ்சு!" தலையணையோடு சேர்த்து அவனைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வழிந்தது. "கஸ் கரீன்! தூக்குடா திரையை!"

"சே! ஒரு நிமிஷம்கூட ஆகல," என்று கஸ் சலித்துக்கொண்டான். "போன வருஷம் மட்டும் எப்படித் தோத்த?"

பெர்னி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேக்கில் பெரிய துண்டாக வெட்டி அவனிடம் நீட்டினாள்.

"உப்புப் போடாம செஞ்சது. பேசாம தின்னு."