டோக்கன் நம்பர் சரிதான்

1. முதல் நாள்

நான் வேலையில் சேர்ந்த முதல் நாள் எக்ஸ்ரே நாள். சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் பூமிக்குள் புது ஷாஃப்ட் இறக்க வந்திருந்த ஒரு வெளிநாட்டு காண்ட்ராக்ட் கம்பெனி அது. அறுபதுகளின் தொடக்கம். எனக்கு வெல்ஃபேர் ஆபீஸில் கிளார்க் உத்தியோகம். தொழிலாளர் நலனைக் கவனிக்கும் பிரிவு என்று ஆர்டரில் எழுதியிருந்தது. நானும் நம்பினேன்.

பாறையில் டிரில் போடுகிறவர்களின் நெஞ்சில் தூசி படிந்து சிலிக்கோசிஸ் வரும். அதனால் வருஷத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் எக்ஸ்ரே. கம்பெனி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, வருகிறவரின் பித்தளை டோக்கனை வாங்கி, நம்பரை எழுதிக்கொண்டு உள்ளே அனுப்புவது என் வேலை. எங்கள் ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட் பின்னால் வந்து நின்றார்.

"இன்னா தம்பி, பொண்ணு பாக்குற மாதிரி ஒவ்வொரு மூஞ்சியா பாத்துகினு கீற? நம்பரைப் பாரு, உள்ள அனுப்பு. சாயங்காலத்துக்குள்ள முடியணும்."

2. இரண்டு தடவை வந்தவர்

அடுத்த வருஷம் ஏழுமலை என்ற டிரில்மேன் காலையில் வந்துபோனார். மத்தியானம் மறுபடி வந்து வேறு டோக்கனை நீட்டினார்.

"காலையிலயே வந்தீங்களே?"

"அது என்னுது சார். இது நம்ம கோவிந்தண்ணனுது. அண்ணனுக்கு ஒரே இருமலு. மூணு பொண்ணுங்க கீறாங்க. கண்டுக்காதீங்க சார்."

எக்ஸ்ரே பிளேட்டில் நிழல் தெரிந்தால் அண்டர்கிரவுண்ட் வேலை போய்விடும். மேலே வேலை தரும் வழக்கம் எங்கள் கம்பெனியில் அப்போது இல்லை. கம்பெனி கொடுத்த லைன் வீட்டையும் காலி செய்ய வேண்டும். ஆகவே இருமுகிறவர்கள் திடமான கூட்டாளியிடம் டோக்கனைக் கொடுத்தனுப்புவது எல்லா ஷிப்டிலும் நடந்தது. நான் நம்பரை எழுதிக்கொண்டேன். அதற்கடுத்த வருஷமும் எழுதினேன். நல்ல காரியம் செய்கிறோம் என்று உள்ளுக்குள் திருப்தி வேறு.

வருஷக் கடைசியில் வெளிநாட்டு ஹெட் ஆபீஸுக்கு அறிக்கை போனது: 'புதிய நோயாளி எவரும் இல்லை.' பாராட்டுக் கடிதம் வந்தது. சூப்பரின்டென்டென்ட் அதைக் கண்ணாடி போட்டு மாட்டினார். ஷிப்ட் விட்டால், ஆட்களை மேலே தூக்கிவரும் கேஜிலிருந்து இறங்குகிற பாதிப் பேர் இருமுவார்கள். அவருக்கும் காது இருந்தது.

3. நல்ல உத்தரவு

பிறகு ஹெட் ஆபீஸிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. சிலிக்கோசிஸ் வந்தவர்களை இனி வீட்டுக்கு அனுப்பக் கூடாது, மேலே லேசான வேலை தர வேண்டும், லைன் வீடும் அவர்களுக்கே. உண்மையிலேயே நல்ல உத்தரவு.

அந்த வருஷ எக்ஸ்ரேவுக்குக் கோவிந்தன் தானே வந்தார். வராந்தாப் படியில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார்.

"இந்த வாட்டி நானே வந்துட்டேன் சார். லாம்ப் ரூம்ல குந்திகினு வெளக்கு தொடைக்கிற வேலை குடுத்தாக்கூட போதும்."

பிளேட்டில் இரண்டு நுரையீரலும் போயிருந்தன. டாக்டர் பழைய பிளேட்டுகளை எடுத்து வெளிச்சத்தில் வைத்தார்.

"போன வருஷம் கிளீன். அதுக்கு முந்தின வருஷமும் கிளீன். சிலிக்கோசிஸ் ஒரே வருஷத்துல இவ்வளவு முத்தாது. இது டீபி. வேலையால வந்ததில்லை." என் பக்கம் திரும்பினார். "இந்த ரெண்டும் இவர் பிளேட்தானே?"

சூப்பரின்டென்டென்ட் பக்கத்தில் நின்றார். கோவிந்தன் என்னைப் பார்த்தார்.

"டோக்கன் நம்பர் சரிதான் சார்" என்றேன்.

வெளியே வந்ததும் கோவிந்தனே எனக்குச் சமாதானம் சொன்னார். "உண்மையச் சொன்னா ஏழுமலைக்கு வேலை போயிடும்னுதானே சார் சொல்லல? நானும் அதுக்குத்தான் வாயத் தொறக்கல."

ஆமாம் என்று தலையாட்டினேன். அது பொய். ஏழுமலை என் நினைவிலேயே இல்லை. என் நாற்காலிதான் இருந்தது. இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

டீபி என்பதால் உத்தரவு அவருக்குப் பொருந்தவில்லை. வேலை போயிற்று, வீடும் போயிற்று. பங்காருப்பேட்டையில் மச்சான் வீட்டுக்குக் குடும்பத்தோடு போனார். நாலு மாதத்தில் இறந்துவிட்டார்.

4. கன்னியம்மா கேட்டது

கோவிந்தனின் மனைவி கன்னியம்மா ஒருநாள் ஆபீஸுக்கு வந்தார். ஏதோ மனுக் கொடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"அவரு போட்டோன்னு ஒண்ணுகூட புடிச்சதில்ல சார். நெஞ்சைப் புடிச்ச படம் இங்க கீதாமே. சீக்கு வர்றதுக்கு முன்னாடி புடிச்சது ஒண்ணு குடுங்க. பொண்ணுங்க பாக்கட்டும்."

கவரை எடுத்தேன். மூன்று பிளேட்; அதற்கு முந்தியவற்றைக் கம்பெனி வைத்திருப்பதில்லை. சுத்தமான ஒன்றை எடுத்துக் கொடுத்திருந்தால் கும்பிட்டுப் போயிருப்பார். என்னால் முடியவில்லை.

"இது அவர் நெஞ்சு இல்லம்மா. ஏழுமலையுது."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"டாக்டரு கேட்டப்போ?"

"அப்பவும் தெரியும்."

"எனக்கு இப்போ சொல்லி இன்னா சார் பண்றது? அன்னிக்குச் சொல்லியிருந்தா லாம்ப் ரூம்ல குந்தியிருப்பாரே."

நிழல் விழுந்த பிளேட்டை மட்டும் எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அதன் பிறகு எக்ஸ்ரே மேசையில் முகத்தைப் பார்த்துத்தான் நம்பர் எழுதினேன். வேலை மந்தம் என்று ஸ்டோர்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். இன்று இத்தகைய ஆபீஸ்களில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: மேலிடத்து உத்தரவு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அது உங்கள் மேசையைத் தாண்டித்தான் ஆளிடம் போக வேண்டும். அங்கே நிற்கிறவர் யார் என்று பாருங்கள்.

மாற்றலுக்கு முன் கடைசி வேலையாக வருஷ அறிக்கையை டைப் செய்தேன். பழைய பிளேட்டுகள் சுத்தமாக இருந்ததால் நிழல் விழுந்தவர்கள் டீபி கணக்கில் போக, 'புதிய நோயாளி எவரும் இல்லை' என்ற வரி அந்த வருஷமும் இருந்தது. பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தேன்.