முப்பத்தொன்றும் பனியன் அட்டையும்

தொடர்ந்து ஏழு ஞாயிற்றுக்கிழமை, கணக்குத் தேர்வில் ஐம்பதுக்கு முப்பத்தொன்று வாங்கியவள் நான். முப்பதுக்கு இறங்கியிருந்தால் உட்கார்ந்து அழலாம். முப்பத்திரண்டுக்கு ஏறியிருந்தால் தேறி வருகிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம். அசையாத முப்பத்தொன்றை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது? எட்டாவது வாரம் டியூஷன் வாத்தியார் என் தாளைத் திருத்தாமலேயே மார்க் போட்டுவிடுவார் என்று பயந்தேன்.

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. இஞ்சினியரிங் சேர நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். முதல் முறை மார்க் பற்றாமல் போனவர்கள் ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து படித்து மறுபடியும் எழுதலாம். அதற்கு இம்ப்ரூவ்மெண்ட் என்று பெயர். அந்த ஒரு வருடத்தை நான் இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்து வாங்கியிருந்தேன். மூன்றாவது வேளைக்கு அம்மா எனக்குப் பிடித்த அரிசிம்பருப்புச் சோறு செய்துவிட்டாள். நல்லவேளை, அதற்குள் அப்பா சரி சொல்லிவிட்டார்.

"ஒரு வருசந்தான் கண்ணு. அதுக்கு மேல உங்கத்தைக்கு என்னால பதில் சொல்ல முடியாது" என்றார்.

அத்தையிடம் தாராபுரத்தில் ஒரு மாப்பிள்ளை தயாராக இருந்தார். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, பார்த்ததுகூடக் கிடையாது. ஆனால் எங்கள் தெருவில் நாளெல்லாம் நிட்டிங் மிஷின்கள் ஓடின. மேலே நூலாகப் போவது கீழே துணியாக எப்படி இறங்குகிறது என்று ஜன்னல் வழியே பார்த்துப் பார்த்து எனக்குக் கிறுக்குப் பிடித்திருந்தது. அந்த மாதிரி ஒரு மிஷினை நானே வரைந்து, நானே ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்குக் குறுக்கே நின்றது முப்பத்தொன்று.

அப்பா ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வெட்டுகிற மேசையில் துணிக்கு அடியில் ஒரு பழுப்புத் தாள் விரிப்பார்கள். வேலை முடிந்ததும் அது குப்பைக்குப் போகும். அப்பா அதைச் சுருட்டி சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். கூடத்தில் ஜமுக்காளம் மாதிரி அதை விரித்து, அதன் நடுவிலேயே உட்கார்ந்துதான் நான் கணக்குப் போடுவேன். ஒரு எழுத்து ஒரு வடை அளவு இருக்கும். ஒரு கணக்கு முடிவதற்குள் நான் சுவரிலிருந்து வாசற்படி வரை நகர்ந்திருப்பேன். அம்மா தாண்டித்தான் போக வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை தப்பாய்ப் போட்ட அதே கணக்குகளைத் திங்கட்கிழமை வீட்டில் போட்டால் நாற்பத்தாறு வந்தது. கேட்க வேண்டுமா? முதலில் வாத்தியாரைச் சந்தேகப்பட்டேன். அப்புறம் டியூஷன் நடக்கும் மாடி அறையின் மின்விசிறியை. அப்புறம் பேனாவை மாற்றினேன். கடைசியில் என்மேலேயே கோபம் வந்து, நாளுக்கு முப்பது கணக்கு என்றிருந்ததை நூறாக்கினேன். பழுப்புத் தாள் தீர்ந்ததுதான் மிச்சம். அந்த வாரமும் முப்பத்தொன்று.

அந்த டியூஷனில் இம்ப்ரூவ்மெண்ட் பெண்கள் இரண்டே பேர். மற்றவள் காதர்பேட்டையில் பனியன் கடை வைத்திருந்த ஒரு பாயின் மகள். கணக்கில் புலி, பௌதிகத்தில் என்னைவிட மோசம். இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு இஞ்சினியர் தேறும் என்று வாத்தியார் சொல்வார். எட்டாவது முப்பத்தொன்று வந்த அன்று அவள் என் வினாத்தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். பார்த்தவள் படிக்கட்டில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏம்புள்ள, நீ கணக்குப் போட்டயா, கோலம் போட்டயா?"

வினாத்தாளில் கணக்குப் போட்டுப் பார்க்க விட்டிருந்த இடம் நாலு விரல் அகலம். என் முதல் வரியே அதை அடைத்துவிட்டது. இரண்டாவது வரி ஓரமாய் ஏறி, மூலையில் திரும்பி, அடுத்த கேள்வியின் தலைமேல் நடந்து, பக்கத்துக் கணக்கின் நடுவில் போய் விழுந்திருந்தது. அங்கே கிடந்த ஏழு என்ற எண்ணை இந்தக் கணக்கில் சேர்த்துப் பெருக்கியிருந்தேன். பத்தொன்பது தப்பில் பதினாறு இப்படித்தான்.

"எடமே இல்லையே புள்ள! நான் என்ன பண்ணட்டும்?" என்று கத்தினேன்.

"எல்லாருக்கும் அதே எடந்தான்" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குக் கணக்கு வரும்! நான் மக்கு இல்லை, வீட்டில் எழுதிப் பழகிய தாள்தான் பெரிசு! வீடு வரைக்கும் ஓடியே வந்தேன்.

அம்மா வீட்டிலேயே பனியன் மடித்துக் கொடுப்பாள். ஒவ்வொரு பனியனுக்கு உள்ளேயும் விறைப்பாய் நிற்பதற்கு ஓர் அட்டை வைத்து, கவரில் போட வேண்டும். அட்டைகள் கட்டுக்கட்டாய் மூலையில் கிடக்கும். ஒரு பக்கம் கம்பெனி பேர், மறுபக்கம் வெள்ளை. அந்த வெள்ளையில் கோடு போட்டு எட்டுக் கட்டமாய்ப் பிரித்தேன். ஒரு கட்டத்துக்கு ஒரு கணக்கு. கட்டத்தைத் தாண்டினால் தப்பு என்று வைத்துக்கொண்டேன்.

முதல் வாரம் இருபத்து நாலு. அத்தை அன்றைக்குப் பார்த்தா வர வேண்டும்? காப்பியைக் குடித்துக்கொண்டே தாராபுரத்து மாப்பிள்ளை புதுசாய் மொபெட் வாங்கிய செய்தியைச் சொன்னாள். உள்ளே போய் நன்றாக அழுதேன். அழுதுவிட்டு அடுத்த அட்டையை எடுத்தேன். அதற்கடுத்த வாரம் முப்பத்து மூன்று. முப்பத்தொன்றைத் தாண்டிவிட்டேன்! மாடிப்படியை இரண்டிரண்டாய்ச் செருப்பில்லாமல் இறங்கினேன். செருப்பை மேலேயே விட்டுவிட்டது பாதித் தெருவில்தான் தெரிந்தது. பிறகு முப்பத்தேழு, பிறகு நாற்பது.

அந்தக் குஷியில்தான் அந்தக் காரியம் நடந்துபோனது. எழுதி முடித்த அட்டைகளைக் கட்டிலுக்கு அடியில் போடாமல், எடுத்த மூலையிலேயே அடுக்கி வைத்துவிட்டேன். அம்மா மடித்து மடித்து உள்ளே வைத்துவிட்டாள். பத்து நாள் கழித்துக் கம்பெனி சூப்பர்வைசர் வீட்டு வாசலில் நின்றார்.

"மாஸ்டருங்க, சேலத்துக் கடைக்காரர் சரக்கைத் திருப்பி அனுப்பிச்சுட்டாருங்க. பனியனுக்குள்ளார மந்திரம் எழுதியிருக்குதாமா. ஆரோ செய்வினை வெச்சுட்டாங்கன்னு பயந்துக்கிட்டாருங்க" என்று ஓர் அட்டையை நீட்டினார். தொகைக்குறியும் தீட்டாவும் வர்க்கமூலமுமாய் அது பார்ப்பதற்கு மந்திரம் மாதிரிதான் இருந்தது.

எனக்கு உயிரே போய்விட்டது. படிப்பு இதோடு சரி என்று நினைத்தேன். அப்பா அட்டையை வாங்கி நேராகப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, கணக்கெல்லாஞ் செரிதானே? தப்பும் தவறுமா எழுதி அனுப்பியிருந்தா கம்பெனிக்கல்லோ கேவலம்?"

சூப்பர்வைசர்தான் முதலில் சிரித்தார். அடுத்த இரண்டு நாள் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு கவராய்ப் பிரித்தோம். அப்பா பிரிக்க, அம்மா புது அட்டை வைக்க, நான் பழைய அட்டையை வாங்கித் திருத்தினேன். நூற்றுக்கு மேல் கணக்கு. தப்பு நாலு! நாலே நாலு! கவர்களுக்கு நடுவில் எழுந்து நின்று கூவினேன். சில அட்டைகள் வரவே இல்லை, விற்றுப்போயிருக்க வேண்டும். எங்கேயோ யாரோ ஒருவர் என் வகைக்கெழுவைப் பிரித்துப் பார்த்துவிட்டு பனியனைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருப்பார்.

நுழைவுத் தேர்வன்று, வினாத்தாளில் விட்டிருந்த இடத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. என் கட்டத்தைவிட இரண்டு மடங்கு அகலம்! கடைசி மணி அடித்தபோது ஒவ்வொரு பக்கத்திலும் இடம் மிச்சம் கிடந்தது. ஒரு கணக்குக்கு விடை ஒன்பது என்று நானும், எட்டு என்று பாயின் மகளும் பஸ்ஸில் வாதாடிக்கொண்டே வந்ததில், இறங்க வேண்டிய நிறுத்தத்தை இருவரும் விட்டுவிட்டோம்.

மார்க் வந்தது. நான் கேட்ட படிப்பே கிடைத்தது. சீட்டு வாங்க அப்பாவும் நானும் சென்னை போனோம். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி ஒரு படிவத்தைத் தள்ளினார். கீழே இரண்டு சின்னக் கட்டங்கள். ஒன்று மாணவிக்கு, மற்றது பெற்றோருக்கு. என் பெயரை என் கட்டத்துக்குள் அடக்கமாய் எழுதினேன், நாலு பக்கமும் இடம் விட்டு.

அப்பா பேனாவை வாங்கினார். மேசையை ஒருமுறை கையால் நீவிவிட்டார். பிறகு, துணிமேல் சாக்குக்கட்டியால் கோடு இழுப்பதுபோல் தோளிலிருந்து ஓர் இழுப்பு இழுத்தார். கையெழுத்து அவர் கட்டத்தை நிறைத்து, கோட்டைத் தாண்டி, என் பெயரின் மேலேறி, தாளின் ஓரத்தில் போய்த்தான் நின்றது.

"ஏங்க, கட்டத்துக்குள்ள போடக் கூடாதா?" என்று அதிகாரி சலித்துக்கொண்டார்.

அப்பா தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கண் நிறைந்திருந்தது.

"எடம் பத்தலீங்க" என்றார்.